சோளகத்தில் எட்டு விநாடி

2025 ஜூலை 3, வியாழன்: வவுனியா, முறிகண்டி, கிளிநொச்சி

வவுனியாவில் இறங்கியபோது காலை பத்தரை மணி. யாழ்ப்பாணம் போகிற மூன்று பஸ்களை விட்டுவிட்டோம், ஏற முடியவில்லை. மன்னார்ப் பக்கத்து மடு மாதா தேவாலயத்தின் ஆடித் திருவிழா நேற்றுத்தான் முடிந்திருந்தது. பாய்ச் சுருள், கரி பிடித்த சட்டி, தோளில் தூங்கிப்போன பிள்ளை என்று, அங்கே கூடாரம் போட்டுத் தங்கியிருந்த குடும்பங்கள் எல்லாம் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. நான்காவது பஸ்ஸில் படிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. புளியங்குளம் வரை நின்றே வந்தோம். அப்புறம் ஒரு அம்மா தன் பக்கத்திலிருந்த பையைக் கீழே இறக்கி எங்கள் இரண்டு பேரையும் நெருக்கி உட்கார வைத்தார். "தம்பி, மாமியோட இதில இருங்கோ" என்றார். என் அண்ணன் மகன் என் காதுக்குள் கேட்டான்: "யார் அத்தை மாமி?" கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அப்பாவின் தங்கை அத்தை. இங்கே அவரே மாமி. பதின்மூன்று வயதுப் பையன் வன்னியில் கற்ற முதல் சொல் அது.

அந்த அம்மாவின் கையில் ஒரு சிறிய பொட்டலம் இருந்தது. மடுவின் மண். பாம்புக்கடிக்குக் காவல் என்று வயல் கொட்டிலில் வைப்பாராம். இறங்கும்போது அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்து எனக்கும் தந்தார். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

எதற்காக வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பத்து வயதிலிருந்து நான் ஒரு கொழும்புக் கழகத்தின் ரசிகை. உதைபந்தாட்டம் என்றால் எங்கள் தெருவில் சோறு ஆறிப்போகும். 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியபோது, நம் நாட்டிலும் பந்து விளையாடிச் சம்பளம் வாங்கி வாழலாம் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. 2023 ஜனவரியில் ஃபிஃபா தடை விதித்து, ஆகஸ்ட் இறுதி வரை நாடு சர்வதேச ஆட்டம் எதுவும் இல்லாமல் கிடந்தபோதும் கழகத்தை விடவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு பயிற்சியைக் கூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தொண்ணூறு நிமிடம்தான். மற்ற நாட்களில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை நெடுநாளாக மனதில் கிடந்தது. கிளிநொச்சிப் பக்கம் பத்து நாள் முகாம் என்று கேள்விப்பட்டதும் கழக மேலாளரிடம் போய்க் கேட்டேன். "வேலிக்கு வெளியே நின்று எவ்வளவு நேரமும் பாருங்க. கழகத்தின் பெயர், வீரர்களின் பெயர் எழுத வேண்டாம், படம் போட வேண்டாம்" என்றார். கேட்டபடியே செய்கிறேன்.

கொழும்பை விட்டுவிட்டு ஏன் கிளிநொச்சி என்றால், காரணம் காற்று. இந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு மைதானங்களைச் சேறாக்கி வைத்திருக்கும். அதே காற்று இங்கே வந்து சேரும்போது ஈரமெல்லாம் தீர்ந்துபோய் வெறும் வேகமும் தூசியுமாக இருக்கிறது. இங்குள்ளவர்கள் அதைச் சோளகம் என்கிறார்கள். மழை இல்லாத மைதானம் தேடி வந்தவர்களுக்கு அதோடு சேர்த்துச் சோளகமும் கிடைத்திருக்கிறது.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கிறது, எங்கள் பஸ்ஸும் நின்றது. பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைகிற சத்தம் ஓயவில்லை. மடுவிலிருந்து வந்தவர்களும் இறங்கிக் கும்பிட்டு, உண்டியலில் சில்லறை போட்டுவிட்டு ஏறினார்கள். கச்சான், அதாவது நிலக்கடலை, ஒரு பை 100 ரூபா. சுடு மணலில் வறுத்தது, தோல் கருகாமல் உள்ளே மொறுமொறுவென்று இருந்தது.

விடுதியில் எங்களுக்கென்று சொல்லி வைத்திருந்த அறையைக் கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் திண்ணையில் இருந்த பிறகு பின்பக்கம் ஒரு சிறிய அறை கிடைத்தது, 3,500 ரூபா. மின்விசிறி சுற்றியது. அது போதும்.

நாலு மணிக்கு மைதானத்துக்கு ஓடினோம். அங்கே இரண்டு மாடும், குழாயால் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவும்தான் இருந்தார்கள். காற்று என் தொப்பியைக் கழற்றி வாய்க்காலுக்குள் போட்டது. எதிரே தகரக் கூரைத் தேநீர்க் கடை வைத்திருக்கும் அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார். "அவை விடியப்புறம் ஐஞ்சே முக்காலுக்கு வருவினம் பிள்ளை. பின்னேரம் இந்தக் காத்து பந்தை விடாது. இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ." நேரம் மாற்றியதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிளேன்டீ 50 ரூபா, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. வடை பேப்பரில் இருந்து பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

ஜூலை 4, வெள்ளி: முதல் பயிற்சி

ஐந்தேகாலுக்கு வீதியில் எங்களுக்கு முன்பே சனம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றார்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றப் போகிற பெண்கள் ஒரு வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தடித்த காற்சட்டை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. போர் முடிந்து பதினாறு வருடம். இன்னும் விடிகாலையில் போய் மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மைதானத்தில் முதலில் வந்தது வீரர்கள் அல்ல, பந்துகளைப் பார்த்துக்கொள்கிறவர். இருபது பந்துகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் அளவுமானி செருகிக் காற்றுப் பார்த்தார். விதிப்படி பந்தின் எடை 410 கிராமிலிருந்து 450 கிராம் வரை இருக்கலாம், உள்ளே அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை. வெய்யில் ஏறினால் பந்து கல்லாகிவிடும் என்று முன்கூட்டியே கொஞ்சம் குறைத்து வைத்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு மரநிழலுக்கு உருட்டிவிட்டார். இருபத்தெட்டு வருடமாகப் பந்தைப் பார்க்கிறேன், பந்துக்கு நிழல் தேடுகிற ஒருவர் இருக்கிறார் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பயிற்சி என்றால் ஓட்டமும் கோல் அடிப்பதும் என்று நினைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் யாரும் கோல் பக்கமே போகவில்லை. முழங்கால், கணுக்கால், இடுப்பு என்று உடம்பை ஒவ்வொரு மூட்டாக எழுப்பினார்கள். பிறகு வட்டமாக நின்று நடுவில் இருவரை விட்டு, அவர்கள் தொடாமல் பந்தைச் சுற்றிவர அனுப்பினார்கள். ஒரு தொடுகை மட்டும். பந்து போகிற சத்தம் டக், டக், டக் என்று தறி மாதிரிச் சீராக வந்தது. சத்தம் தப்பினால் பயிற்றுவிப்பாளர் கண்ணால் பார்க்காமலே "ஆபஹு" என்பார். சிங்களத்தில் மறுபடியும் என்று அர்த்தம். அந்தச் சொல்லை இன்று நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன், ஒரு தடவைகூடக் கோபத்தில் சொல்லவில்லை.

நான் பார்க்க வந்தது எங்கள் முன்கள வீரரை. ஆறு வருடமாக அவருடைய இலக்கத்தைத்தான் நான் உடுத்துகிறேன். அவர் இன்று தொடைப் பிடிப்பு என்று ஓரத்தில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். சரி, வேறு யாரைப் பார்ப்பது என்று கண்ணை ஓடவிட்டபோது வடக்குக் கோலில் இரண்டாவது கோல்காப்பாளர் தெரிந்தார்.

இவருடைய முகத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை. இந்தப் பருவத்தில் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. இடைவேளையில் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுக்கிறவராகத்தான் நினைவிருந்தது. ஆனால் ஆட்டத்தன்று இருக்கையில் இருக்கிறவர்களுக்குப் பயிற்சியில்தான் ஆட்டம். மற்றவர்கள் தண்ணீருக்குப் போன நேரத்திலும் அவர் விழுந்து விழுந்து எழும்பினார். இடது பக்கம் பத்து, வலது பக்கம் பத்து. எழும்பும்போதெல்லாம் முழங்கையில் செம்மண். கோலின் அகலம் 7.32 மீற்றர். தொலைக்காட்சியில் சின்னதாகத் தெரியும். கம்பத்துக்குப் பின்னால் வேலியோடு நின்று பார்த்தால் ஒரு வீட்டின் முன்பக்கத்தைத் தனியாள் காவல் காக்கிற மாதிரி.

அப்புறம் புது விதிக்குப் பழகினார்கள். இந்த ஜூலை 1 முதல், கோல்காப்பாளர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை. முன்பு ஆறு விநாடி, தண்டனை மறைமுக உதை, அதையும் நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இப்போது கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டவேண்டும். உதவிப் பயிற்றுவிப்பாளர் நடுவராக நின்று விரல்களை மடக்கினார். இரண்டாவது கோல்காப்பாளருக்கு அங்கேதான் சிக்கல். காற்று தெற்கும் மேற்குமாக முகத்தில் அடிக்கிறது. உயரமாக உதைத்தால் பந்து நடு வானத்தில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வருகிறது. காற்று அடங்கட்டும் என்று காத்தால் விரல் முடிந்துவிடுகிறது. விரலைப் பார்த்தால் ஓடுகிற ஆட்களைப் பார்க்க முடியாது. நான்கு முறை மூலை உதை கொடுத்தார்.

வேலிக்கு வெளியே பள்ளிக்கூடம் போகிற பெடியன்கள் பதினைந்து பேர், சீருடையோடு, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்கள். கத்தவில்லை, கைதட்டவில்லை, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வேலை செய்கிற இடத்தில் வந்து நிற்கிற மரியாதை அது. கொழும்பில் நாங்கள் அப்படி நிற்கமாட்டோம். ஏழு மணிக்கு ஒருவன் மணிக்கூட்டைப் பார்த்தான், எல்லோரும் ஒன்றாக மிதித்துப் போய்விட்டார்கள்.

எட்டு மணிக்குப் பயிற்சி முடிந்தது. வெப்பம், ஈரப்பதம், வெய்யில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32 பாகையைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்திக் குளிர இடைவேளை விடவேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. இங்கே ஒன்பது மணிக்கு மேல் மைதானத்தில் நிற்பதற்கே யாரும் துணியமாட்டார்கள்.

கடையில் இடியப்பம், சொதி, இடித்த சம்பல். இரண்டு பேருக்கும் 380 ரூபா. கடைக்காரம்மா சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடு நிரம்பி வழிந்தபோது கடைக்குள் தண்ணீர் நின்ற அளவு. என் இடுப்புக்கு வந்தது. இந்தக் காய்ந்த தூசிக்குள் நின்றுகொண்டு அதை நம்பவே கஷ்டமாக இருந்தது.

ஜூலை 5, சனி: பனையும் கணவாய்க் கறியும்

இன்று பள்ளிக்கூடம் இல்லை. பெடியன்கள் விடிவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன், பன்னிரண்டு வயது இருக்கும், தன்னை விடப் பெரிய சைக்கிளில் வருகிறவன், வடக்குக் கோலுக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றான். கோல்காப்பாளர் இரண்டு முறை உதைத்ததைப் பார்த்தான். மூன்றாவது உதையும் திரும்பி வந்தது. அவனால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, கீப்பர் அண்ணா பனையைக் கேக்கேல்ல."

எனக்கு விளங்கவில்லை. மேற்கு வேலிக்கு வெளியே நிற்கிற பனை வரிசையைக் காட்டினான். சோளகம் ஒரே சீராக அடிக்காது, அலை அலையாகத்தான் வரும். முதலில் பனைக்கு வரும், பிறகுதான் கோலுக்கு. அடங்கும்போதும் அப்படித்தான். "ஓலை சடசடக்கிறது நிண்டால் மூண்டு எண்ணவேணும். பிறகு இங்கயும் காத்து நிக்கும். அப்ப அடிக்கோணும். தாழ்வா அடிக்கோணும்." இந்த மைதானத்தில் பிறந்ததிலிருந்து விளையாடுகிறவன், அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

தண்ணீர் இடைவேளையில் கோல்காப்பாளர் வேலிப் பக்கம் வந்தார். அவர் குருநாகல் பக்கத்துக்காரர், சிங்களம் மட்டும்தான் பேசுவார். நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, பனைப் பக்கம் காதைத் திருப்பி நின்றார். சடசடப்பு நின்றது. பெடியன் விரலால் மூன்று காட்டினான். எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று விழுந்தது. கோல்காப்பாளர் கண்ணைத் திறந்து, "மல்லி, தவ சரயக்" என்றார். தம்பி, இன்னொரு தடவை. நான்கு தடவை அப்படி நின்று கேட்டார். நான்கு தடவையும் பெடியன் சொன்னபடியே நடந்தது.

பிறகு விழுந்த உதைகளில் பாதி நடுக்கோட்டைத் தாண்டின. எட்டு விநாடிக்குள் பனை அடங்காவிட்டால் உதைக்கவேண்டாம், பக்கத்திலுள்ள பின்கள வீரருக்கு உருட்டிவிடு என்று கோல்காப்புப் பயிற்றுவிப்பாளர் அதன் மேல் ஒரு வழி வகுத்துக் கொடுத்தார். ஆனால் விரலைப் பார்ப்பது இன்னும் இடைஞ்சல். அதைப் பெடியன்களே தீர்த்தார்கள். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. முதல் மூன்று விநாடி மூச்சு விடாமல் நின்று, பிறகு வேலி முழுக்க ஒரே குரலாக, "ஐஞ்சு! நாலு! மூண்டு! ரெண்டு! ஒண்டு!" என் அண்ணன் மகனும் கத்தினான். இரண்டு நாளாக வாய் திறக்காமல் நின்ற பிள்ளைகள், அங்கே தங்களுக்கு ஒரு வேலை வந்ததும்தான் குரல் எழுப்பினார்கள்.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். எங்கள் இடது பின்கள வீரர் முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை. ஆறரை மணி போல ஒரு அம்மா, கையில் தூக்குச்சட்டியும் ஒரு சாக்குப் பையுமாக பஸ்ஸால் இறங்கி வந்து, வேப்பமர நிழலில் நின்றார். மைதானத்தைப் பார்த்தார், யாரையும் கூப்பிடவில்லை. இடது பின்கள வீரர் அந்தப் பக்கம் ஓடி வரும்போது கண்டுவிட்டார். ஒரு நொடி கால் தளர்ந்தது, அவ்வளவுதான். கையசைக்கவில்லை, மறுபடியும் ஓடினார். ஒன்றரை மணி நேரம் தாய் நின்றார், மகன் ஓடினார். நான் தண்ணீர் கொடுத்தேன். "அவருக்கு முடியட்டும் பிள்ளை, பிறகு குடிக்கிறன்" என்றார். மகனை அவர் என்றுதான் சொன்னார்.

விசில் ஊதியதும் மகன் நேரே வேப்பமரத்துக்கு வந்தார். தாய் சேலைத் தலைப்பால் அவர் கழுத்தைத் துடைத்தார். சட்டிக்குள் அரிசிமாப் பிட்டும், விடியற்காலை வந்த கணவாயில் கறியும், பொரித்த சூடை மீனும். முகாமில் வீரர்களுக்குச் சாப்பாட்டு அட்டவணை இருக்கிறது. முட்டை, பாண், அவித்த கடலை, வாழைப்பழம் என்று எல்லாம் அளவோடு. பயிற்றுவிப்பாளர் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அம்மாவைக் கும்பிட்டார். பிறகு தன் கையால் ஒரு கணவாய்த் துண்டு எடுத்து வாயில் போட்டுவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டார். இருபத்திரண்டு பேருக்கு அது எம்மாத்திரம்? ஆளுக்கு ஒரு பிடி. எங்களுக்கும் ஒரு பிடி வந்தது. மிளகும் தேங்காய்ப்பாலும் கடல் வாசமுமாக அந்த ஒரு பிடி இன்னும் நாக்கில் இருக்கிறது. பயணம் முழுவதிலும் நான் சாப்பிட்டதில் அதுதான் நல்ல சாப்பாடு.

பத்து மணிக்கு ஆட்டோவில் இரணைமடு போனோம். போய்வர 2,000 ரூபா கேட்டார், 1,800க்கு வந்தார். வட மாகாணத்தின் பெரிய குளம் இது. சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் திறந்திருப்பதால் கரையோரம் சேறு தெரிந்தது. கனகாம்பிகை அம்மன் கோயிலில் கொஞ்ச நேரம் இருந்தோம். அணைக்கட்டில் நிற்க முடியவில்லை, காற்று ஆளைத் தள்ளுகிறது. குளத்து நீரில் கறுப்புக் கோடு ஒன்று எங்களை நோக்கி ஓடி வந்தது. "அத்தை, அடுத்தது வருது" என்றான் அண்ணன் மகன். கோடு கரையைத் தொட்டது, காற்று அடித்தது. பெடியனிடம் கற்ற பாடத்தை இவன் தண்ணீரில் படித்துவிட்டான்.

திரும்பும் வழியில் வீதியோரம் பாலைப்பழம் விற்றார்கள். ஒரு சுண்டு 200 ரூபா. காட்டுக்குள் போய் மரமேறிப் பறிக்கிற வேலைக்கு அது அதிகமே இல்லை. மஞ்சளாக, சின்னதாக, தேன் மாதிரி இருக்கும். ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் இருவரும் ஒரு சுண்டையும் முடித்துவிட்டோம். விடுதிக்கு வரும்போது வாய் திறக்க முடியவில்லை. கல்யாண வீட்டு ஆச்சி ஒருவர் நல்லெண்ணெய் கொண்டுவந்து என் உதட்டில் தன் விரலாலேயே பூசிவிட்டார்.

பின்னேரம் வீரர்களுக்கு ஒரு மணி நேரம் வெளியே போக அனுமதி. தேநீர்க் கடையில் கோல்காப்பாளர் எங்களைக் கண்டு வந்து உட்கார்ந்தார். கடைக்கு வந்திருந்த அண்ணை ஒருவர், போன வருடம் செப்டெம்பரில் கம்போடியாவோடு நம் நாட்டு அணி 2–2 என்று முடித்து, தண்டனை உதையில் 4–2 வென்றதைப் பற்றி உற்சாகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். நாட்டு அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேராவின் பெயர் மட்டும் காதில் விழுந்ததும் எங்கள் கோல்காப்பாளரின் முகம் மலர்ந்தது. பிறகு என்னிடம் ஒரு உதவி கேட்டார். மணிக்கட்டில் சுற்றும் வெள்ளை நாடாவை நீட்டி, "அக்கே, பிள்ளைகள் கத்துகிற எண்களைச் சிங்கள எழுத்தில் இதில் எழுதித் தாங்க. இன்றைக்குச் சத்தம்தான் கேட்டது, எந்த எண் என்று தெரியவில்லை. நாளைக்குள் பாடமாக்கிவிடுவேன்" என்றார். நான் எழுதினேன். அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அவர் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜூலை 6, ஞாயிறு: இரு பக்க ஆட்டம்

கடைசிக் காலை. தங்களுக்குள் இரண்டு அணியாகப் பிரிந்து, அரை மணி, அரை மணியாக முழு மைதான ஆட்டம். வேலியைச் சுற்றி நூறு பேருக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற குடும்பம் ஒன்று வெள்ளை உடுப்போடு மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனது. தொடைப் பிடிப்பு ஆறி எங்கள் முன்கள வீரரும் இறங்கினார். நல்ல கோல் ஒன்று அடித்தார். பின்னங்காலால் நிறுத்தி, திரும்பாமலே. நான் கத்தினேன், தொண்டை கட்டியது. ஆனால் பந்து வடக்கே போகும்போதெல்லாம் என் கண் இரண்டாவது கோல்காப்பாளரிடம்தான் போனது.

பத்தாவது நிமிடம் உயரமாக வந்த பந்தைப் பிடித்தார். பனை சடசடத்துக்கொண்டிருந்தது. பெடியன்கள் தொடங்கினார்கள். "ஐஞ்சு! நாலு! மூண்டு!" அவர் ஒருமுறை மணிக்கட்டைப் பார்த்தார். "ரெண்டு!" பனை அடங்கியது. "ஒண்டு!" அவர் இன்னும் பந்தோடு நின்றார். உதவிப் பயிற்றுவிப்பாளர் மூலைக் கொடியைக் காட்டினார். கோல்காப்பாளர் வேலிப் பக்கம் திரும்பி, கையை விரித்து, எங்கே தப்பு என்று என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஒண்ணு வருமென்று காத்திருக்கிறார். இங்கே ஒண்ணு வராது, ஒண்டுதான் வரும். நான் கொழும்புத் தமிழை எழுதிக் கொடுத்துவிட்டேன். மூணு என்று எழுதிய இடத்தில் மூண்டு வந்தபோதே அவர் தடுமாறியிருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளோடு இரண்டு நாள் நின்றும், அவர்கள் வாயில் என்ன வருகிறது என்று நான் காது கொடுக்கவில்லை. அவரோ அந்த ஐந்து சொல்லை இரவு முழுக்கப் பாடமாக்கியிருக்கிறார். மூலை உதையில் கோல் விழவில்லை. விழுந்திருந்தால் எனக்குத் தாங்காது.

இடைவேளையில் ஓடிப்போய்ச் சொன்னேன். சைக்கிள் பெடியன் பக்கத்திலேயே நின்றான். தன் பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தான். வியர்வையில் நனைந்த நாடாவில் மை பிடிக்கவில்லை. கோல்காப்பாளர் நாடாவையே உரித்து எறிந்துவிட்டு முழங்காலில் அமர்ந்து, பெடியனின் வாயைப் பார்த்தார். "சொல்லு" என்றார். தமிழில்தான். பெடியன் மெதுவாகச் சொன்னான். ஐஞ்சு. நாலு. மூண்டு. ரெண்டு. ஒண்டு. அவர் திருப்பிச் சொன்னார். 'ண்டு' அவருக்கு வரவில்லை. பெடியன் விடவில்லை, பயிற்றுவிப்பாளர் "ஆபஹு" சொல்கிற அதே பொறுமையோடு ஐந்தாறு தடவை சொல்ல வைத்தான்.

பக்கம் மாறினால் அவருக்குத் தெற்குக் கோல் வரும், காற்று முதுகில் அடிக்கும், வேலை சுலபம். தன்னை வடக்கிலேயே விடும்படி பயிற்றுவிப்பாளரிடம் அவர் போய்க் கேட்டதைக் கண்டேன். விட்டார்கள். இரண்டாவது அரை மணியில் ஏழு முறை பந்தைக் கையில் எடுத்தார். நான் எண்ணினேன். இரண்டு முறை பக்கத்தில் உருட்டிவிட்டார். மற்ற ஐந்து முறையும் வேலி எண்ண எண்ண நின்று, "ரெண்டு" விழும்போது உதைத்தார். அதில் ஒன்று, தாழ்வாக, பனை உயரத்துக்குக்கூடப் போகாமல், நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்த முல்லைத்தீவுப் பிள்ளையின் காலடியில் இறங்கியது. வேப்பமரத்தடியில் இன்றைக்கு யாரும் இல்லை. அந்த அம்மா பார்த்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

பதினொரு மணி பஸ். கடைக்காரம்மா தேநீருக்குக் காசு வாங்க மறுத்து, ஒரு சரை பனங்கட்டியையும் பைக்குள் வைத்தார். "அடுத்த முறை மாரிக்கு வாங்கோ பிள்ளை, குளம் நிறைஞ்சிருக்கும்." முறிகண்டியில் பஸ் நின்றதும் அண்ணன் மகன் இறங்கினான். கச்சான் வாங்குவான் என்று பார்த்தால், மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன். ஐஞ்சு, நாலு, மூண்டு. நடத்துநர் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டினார். "கொஞ்சம் இருங்க அத்தை," என்றான், "இப்ப நிக்கும்."